பெயர் கேளாத சுமை: கணினி வலைகளின் சுரங்கவழிகள்

கொங்கு நாட்டு உழவர் ஒருவரிடம் சுரங்கம் என்று சொன்னால் அவர் நினைவில் முதலில் வருவது தண்ணீர்தான். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆனைமலை ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், ஊரார் வழக்கில் பி.ஏ.பி., 1961 அக்டோபரில் பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. நீராற்றில் தடுக்கப்படும் நீர் சுரங்கம் வழியாகச் சோலையாற்று அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும், பரம்பிக்குளத்திலிருந்து இன்னொரு சுரங்கத்தின் வழியே தூணக்கடவுக்கும், தூணக்கடவிலிருந்து மற்றுமொரு சுரங்கத்தின் வழியே சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும் இறங்கி, ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் மலையோரமாக நடந்து திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. உடுமலையிலோ பல்லடத்திலோ மடையைத் திறந்துவிடுபவர் தம் வயலில் பாய்வது நீராற்று நீரா, பரம்பிக்குளத்து நீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல ஆறுகள் ஒரே சுரங்கத்தில் கலந்தபின் எந்த ஆற்றின் பெயரும் நீரில் எஞ்சுவதில்லை.

அடையாளத்தை மறைக்கும் கணினி வலைகளில் ‘டனல்’ என்று வழங்கும் சுரங்கவழியும் இப்படிப் பெயரை அழிப்பதற்காகவே உருவானது. ஆனால் அதன் சிக்கல் பி.ஏ.பி.யின் சிக்கலுக்கு நேர்மாறானது. ஆனைமலை நீருக்குப் பெயர் கிடையாது, அதன் பாதையோ முழுக்க முழுக்கக் கணக்கில் இருக்கிறது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையில் 1970ல் கையெழுத்தான ஒப்பந்தம், சித்தூர் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்த நீர் மணக்கடவில் அளக்கப்படுகிறது. இணையத்தில் ஓடும் செய்தியோ பிறக்கும்போதே பெயரோடு பிறக்கிறது. ஒரு கணினி அனுப்பும் எந்தத் தகவலும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாகப் பொறிக்கப்பட்டே வெளியேறும். ஐ.பி. முகவரி எனப்படும் இந்த எண்ணைக் கொண்டு சேவை நிறுவனம் சந்தாதாரரைக் கண்டுவிடும். உள்ளே இருக்கும் எழுத்துகளைச் சங்கேதமாக்கினாலும் உறையின் மேலுள்ள இரண்டு முகவரிகள் மறையா. யார் யாருடன், எந்த நேரத்தில், எவ்வளவு பேசினார் என்பது உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல நேரங்களில் உளவறிய விரும்புபவருக்கு அதுவே போதும்.

உறையை மறைக்கும் வழியை முதலில் முறையாக வகுத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சாம். 1981ல் வெளிவந்த அவருடைய கட்டுரை, மின்னஞ்சலை நேராக அனுப்பாமல் ‘மிக்ஸ்’ என்னும் இடைநிலைக் கணினிகளின் வழியே அனுப்பலாம் என்றது. பலரிடமிருந்து வரும் கடிதங்களை அந்த இடைநிலைக் கணினி தன்னிடம் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றின் மேலுறையையும் கழற்றி, வந்த வரிசையைக் கலைத்துவிட்டு மொத்தமாக வெளியே விடும். உள்ளே போனவற்றில் எது வெளியே வந்த எதுவானது என்பதை வெளியில் நிற்பவர் இணைத்துப் பார்க்க முடியாது. சர்க்கார்பதிக்கு மேல் ஆறுகள் கலப்பது போன்ற கலப்பு இது. இதன் உட்பொருள் எளியது என்றாலும் பின்வந்த நாற்பதாண்டு வரலாறு முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது: ஒரே ஒருவரின் கடிதம் மட்டும் நுழைந்தால் கலப்பதற்கு ஒன்றுமில்லை, ஒருவரின் மறைவு மற்றவர்களின் கடிதங்களால்தான் உண்டாகிறது.

அந்தப் பாடத்தின் முதல் பகுதியை உலகம் பின்லாந்தில் கற்றது. யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993 முதல் நடத்திவந்த அஞ்சல் மாற்றுச் சேவை, அனுப்புநரின் பெயரை நீக்கிவிட்டு ஒரு புனைபெயரை வைத்து அஞ்சலை மறு அஞ்சல் செய்தது. உண்மை முகவரியும் புனைபெயரும் ஒரே கணினியில் ஒரே பட்டியலாக இருந்தன. 1995ல் சயன்டாலஜி அமைப்பின் புகாரைத் தொடர்ந்து காவல்துறை அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டே ஹெல்சிங்கியஸ் சேவையை மூடிவிட்டார். அவர் நேர்மையானவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பட்டியல் ஒருவரிடம் இருக்கும்வரை அவருடைய நேர்மையால் பயனில்லை என்பதே அங்கு வெளிப்பட்ட உண்மை.

இரண்டாம் பகுதியைக் கற்பித்தது, வியப்புக்குரிய வகையில், அமெரிக்கக் கடற்படை. அதன் ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகிய மூவரும் ‘ஆனியன் ரூட்டிங்’, அதாவது வெங்காய வழியமைப்பு என்ற முறையை உருவாக்கினர். பல்லடம், பொங்கலூர் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்தால் இந்தப் பெயரின் காரணம் விளங்கும். அனுப்புபவர் தம் செய்தியை மூன்று சங்கேத உறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிகிறார். முதல் இடைக்கணினி வெளித்தோலை மட்டும் உரிக்க, உள்ளே அடுத்த கணினியின் முகவரி தெரிகிறது. இரண்டாவது அடுத்த தோலை உரிக்கிறது. மூன்றாவது உரித்தபின் சேர வேண்டிய இடம் தெரிகிறது. முதலாவதற்கு அனுப்புநரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசியதற்குச் சேருமிடம் தெரியும், அனுப்புநரைத் தெரியாது. ஆனால் கடற்படை மட்டும் பயன்படுத்தும் வலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொட்டலமும் கடற்படையுடையது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். ஆகவே இராணுவத்தின் மறைவுக்குப் பொதுமக்களின் போக்குவரத்து தேவைப்பட்டது. 2002ல் அந்த வலை ‘டோர்’ என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோரும் சேர்ந்து வளர்த்த அம்முயற்சி 2006ல் இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. உளவுத்துறையினரும் அவர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள விரும்பும் செய்தியாளர்களும் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் விந்தை அங்கிருந்தே தொடங்குகிறது.

டோர் வலையில் சுமப்பவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு. சில ஆயிரம் தன்னார்வலர்களின் கணினிகள் சுமக்க, பல இலட்சம் பேர் அவற்றின் வழியே போகின்றனர். எந்தெந்தக் கணினிகள் வலையில் உள்ளன என்ற பட்டியலை விரல்விட்டு எண்ணத்தக்க சில நம்பிக்கைக் கணினிகள் வெளியிடுகின்றன. இந்தப் பிரிவினையே வேண்டாம் என்ற எண்ணம் வேறொரு மரபிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘பியர்-டு-பியர்’ என்று வழங்கும் அம்மரபைத் தமிழில் ஒத்தார் வலை எனலாம்: தலைமைக் கணினி என்று ஒன்று இல்லாமல், இணைந்த ஒவ்வொரு கணினியும் கொடுப்பதும் வாங்குவதுமாக இருக்கும் அமைப்பு. எடின்பரோ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் கிளார்க் வடிவமைத்து 2000ல் வெளியான ‘ஃப்ரீநெட்’ இவ்வகையில் மறைவை முதன்மையாக்கிய முன்னோடி. அதற்கு ஒரு திருத்தமாக 2003ன் தொடக்கத்தில் முன்மொழியப்பட்டுச் சில மாதங்களிலேயே தனித் திட்டமாகப் பிரிந்ததே ஐ-டூ-பி. ‘கண்ணுக்குத் தெரியாத இணையத் திட்டம்’ என்பது அதன் பெயரின் விரிவு. அதன் முதன்மைச் சிற்பி ‘ஜேரேண்டம்’ என்ற புனைபெயரிலேயே இயங்கி, 2007 நவம்பரில் விலகிக்கொண்டார். அவரில்லாமலும் வலை தொடர்ந்து ஓடியது. தலைவர் ஒருவரைச் சாராதிருப்பதை நோக்கமாகக் கொண்ட அமைப்புக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறொன்று இருக்க முடியாது.

ஐ-டூ-பியின் சுரங்கவழி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். டோர் வலையில் ஒரு பாதை போட்டால் போவதும் வருவதும் அதே பாதையில்தான். ஐ-டூ-பியின் சுரங்கமோ தண்ணீர்ச் சுரங்கம் போல ஒருவழிப் பாதை. ஒவ்வொரு கணினியும் தனக்கென்று வெளிச்செல்லும் சுரங்கங்கள் சிலவற்றையும் உள்வரும் சுரங்கங்கள் சிலவற்றையும் கட்டிவைத்துக்கொள்கிறது; ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று அயல் கணினிகள் இருக்கும். அனுப்புநரின் செய்தி அவருடைய வெளிச்சுரங்கத்தின் மூன்று கணினிகளைக் கடந்து, பெறுநருடைய உட்சுரங்கத்தின் வாயில் ஒப்படைக்கப்பட்டு, அங்குள்ள மூன்றையும் கடந்து பெறுநரிடம் சேர்கிறது. மறுமொழி வேறு இரண்டு சுரங்கங்களின் வழியே, வேறு ஆறு கணினிகளைக் கடந்து திரும்புகிறது. ஆக ஒரு கேள்வியும் பதிலும் முடிய நான்கு சுரங்கங்களும் பன்னிரண்டு கைமாற்றங்களும் ஆகின்றன. இந்த வலை மெதுவாக இருப்பதற்கும், ஒரு பாதையைக் கண்டுபிடித்தவருக்கும் உரையாடலின் பாதிக்குமேல் எட்டாதிருப்பதற்கும் காரணம் ஒன்றே.

சுரங்கத்தைக் கட்டும் முறையும் நுட்பமானது. கட்ட விரும்பும் கணினி, இதுவரை பழகிய அயல் கணினிகளில் எது விரைவாக உழைக்கிறது, எது அடிக்கடி மறுக்கிறது என்று தானே வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து ஆட்களைத் தேர்கிறது. தேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி, அவர் மட்டுமே திறக்கத்தக்க சங்கேதத்தில் பூட்டி, எல்லாச் சீட்டுகளையும் ஒரே கட்டாக அனுப்புகிறது. கட்டு கைமாறும்போது ஒவ்வொருவரும் தம் சீட்டை மட்டும் திறந்து, யாரிடமிருந்து வாங்கி யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்து, ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ குறித்து அடுத்தவருக்குத் தள்ளுகின்றனர். கட்டியவருக்கு முழுப்பாதையும் தெரியும். சுமப்பவருக்கு முன்னவரும் பின்னவரும் மட்டுமே தெரிவர், அந்த முன்னவர்தான் அனுப்புநரா அல்லது அவரும் வெறும் சுமப்பவரா என்பது தெரியாது. உள்ளே ஓடும் பொட்டலங்கள் அனைத்தும் 1,024 பைட் என்ற ஒரே அளவுக்கு நிரப்பப்படுவதால் பருமனைக் கொண்டும் அடையாளம் காண இயலாது. பத்து நிமிடம் ஆனதும் சுரங்கம் கைவிடப்பட்டு, வேறு கணினிகளின் வழியே புதியது கட்டப்படுகிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரே ஒரு மதகு உடைந்தபோது நீர் சாலக்குடி ஆற்றுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர உடனடியாகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கல்லில் வெட்டிய பாதைக்கு மாற்றுப்பாதை கிடையாது. இங்கோ ஒரு கணினி அணைந்தால் அதைத் தவிர்த்து அடுத்த சுரங்கம் எழும்.

பெறுநரின் சுரங்கவாய் எங்கே இருக்கிறது என்பதை அனுப்புநர் எப்படி அறிவார்? அதற்கென்று ஒரு பொதுப்பேரேடு உண்டு. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. வேகமும் நிலைத்தன்மையும் உள்ள கணினிகள் சில ‘ஃப்ளட்ஃபில்’ என்ற பொறுப்பை ஏற்று, பேரேட்டின் பக்கங்களைத் தமக்குள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. இன்ன சேவைக்கு இன்னின்ன வாய்கள், இவை இத்தனை மணிவரை செல்லும் என்ற குத்தகைச் சீட்டு அதில் இருக்கும். சேவையை நடத்தும் கணினியின் ஐ.பி. முகவரி அந்தச் சீட்டில் இராது.

வெங்காயத்தைத் தொடர்ந்து பூண்டும் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். டிங்கிள்டைனின் 2000ஆம் ஆண்டு ஆய்வேட்டில் மைக்கேல் ஃப்ரீட்மன் என்பவர் வெங்காய முறையின் விரிவாக்கம் ஒன்றுக்குப் பூண்டு வழியமைப்பு என்று பெயர் சூட்டினார். ஐ-டூ-பி அதை எடுத்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போகும் நீலகிரி மலைப்பூண்டில் ஒரே தோலுக்குள் பல பற்கள் இருப்பதைப் போல, ஒரே சங்கேத உறைக்குள் பல செய்திகளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சேருமிடக் குறிப்போடு, அடைத்து அனுப்புவதே இம்முறை. ஒரு பல் உண்மைச் செய்தி. இன்னொரு பல் வந்து சேர்ந்ததா என்று அறிவிக்கத் திரும்பும் இரசீது. மூன்றாவது பல் அனுப்புநரின் சொந்தச் சுரங்கவாய்களின் முகவரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எத்தனை பற்கள் என்பதே தெரியாது. தொழில்நுட்பப் பெயர்களில் இத்தனை பொருத்தமானவை அரிது.

இவ்வளவுக்கும் பின் இந்த வலை எதை மறைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதன் ஆதரவாளர்கள் அதைத் தணிந்த குரலிலேயே சொல்கின்றனர். ஒருவர் ஐ-டூ-பியில் இருக்கிறார் என்பது மறைவதில்லை; அடுத்த கணினியுடன் நேரடியாகப் பேச வேண்டியிருப்பதால் அவருடைய ஐ.பி. முகவரி அயலாருக்குத் தெரியும், அந்த வலையைக்கொண்டு என்ன செய்கிறார் என்பது மட்டுமே மறைகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாக ஆய்வாளர்கள், பொதுப்பேரேட்டுக்குள் தம் கணினிகளைப் புகுத்தி அதைத் திரிக்க முடியும் என்பதை 2013ல் காட்டினர். 2018ல் வெளிவந்த வேறோர் ஆய்வு, நாள்தோறும் ஏறத்தாழ 32,000 கணினிகள் இவ்வலையில் இருப்பதாகக் கணக்கிட்டதோடு, தணிக்கை செய்ய விரும்பும் அரசு வெறும் பத்துக் கணினிகளை உள்ளே நிறுத்தினால் ஒரு பயனர் அறிந்த முகவரிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் தடுத்துவிடலாம் என்றும் கண்டது. 32,000 என்பது பி.ஏ.பி. பாசன விவசாயிகளின் எண்ணிக்கையைவிடவும் குறைவான கூட்டம். கலப்பதற்கு வேண்டிய கூட்டம் சிறுத்தால் மறைவும் சிறுக்கும் என்ற 1981ஆம் ஆண்டுப் பாடம் இங்கே கணக்காகவே நிற்கிறது.

தமிழகத்தில் இந்த வரலாறு நீதிமன்றத்தின் வழியே நுழைந்தது. அடையாளம் தெரியாத எதிர்மனுதாரரை அமெரிக்க வழக்குகளில் ஜான் டோ என்று குறிப்பதைப் போல, இந்திய நீதிமன்றங்கள், குறிப்பாகச் சென்னை உயர் நீதிமன்றம், ‘அசோக் குமார்’ என்று குறிக்கும் வழக்கம் உண்டு. பெயர் மறைப்பு பற்றிய தமிழக வரலாற்றில் மிகுதியாக வழக்குத் தொடுக்கப்பட்டவர், இல்லாத இந்த அசோக் குமாரே. 2012ல் ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்கில் இத்தகைய ஆணை பிறந்தபோது, இணையச் சேவை நிறுவனங்கள் பைரேட் பே என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தோடு, குற்றமேதும் செய்யாத விமியோ போன்ற தளங்களையும் முழுதாக அடைத்துவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் ஆணையைத் திருத்த வேண்டியதாயிற்று. அன்று திரைப்படங்கள் ஓடிய பிட்டொரன்ட் வலை ஒத்தார் வலைதான் என்றாலும் மறைவலை அன்று. அதில் ஒரு கோப்பைப் பகிரும் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இன்றும் தொடரும் பிழை.

மறைவின் மையத்தையே தொட்ட வழக்கு 2018ல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரித் தொடங்கிய அவ்வழக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. ஒவ்வொரு செய்தியோடும் முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி 2019ல் யோசனை சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் வெளிவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றன. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற ஒன்றிய அரசு அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது, வி.பி.என். என்பதும் சுரங்கம்தான், ஆனால் ஒரே நிறுவனத்தின் ஒரே சுரங்கம். பெயர்பெற்ற சில நிறுவனங்கள் ஆணைக்கு உடன்படாமல் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன. ஹெல்சிங்கியஸின் நிலைமை கால் நூற்றாண்டுக்குப் பின் மறுபடி அரங்கேறியது எனலாம்.

ஐ-டூ-பிக்கு இத்தகைய ஆணையை அனுப்புவதற்கு முகவரி கிடையாது. அதனாலேயே குற்றவாளிகளும் அங்கே வருகின்றனர். டோர் வலையில் இயங்கிய சில்க் ரோடு என்ற போதைப்பொருள் சந்தை 2013 அக்டோபரில் மூடப்பட்டபின், அதன் பெயரைத் தாங்கிய ஒரு சந்தை 2015ல் ஐ-டூ-பியில் தோன்றியது. ஆனால் பழைய சந்தையின் நிறுவனர் பிடிபட்டதற்கு அவரே பழைய நாள்களில் விட்டுவைத்த மின்னஞ்சல் முகவரி போன்ற தடங்கள் பெரிதும் துணைசெய்தன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். காண்டூர் கால்வாயிலும் தண்ணீர்த் திருட்டு நடப்பது வழியோரத்தில்தான், மலைக்குள் அன்று.

கோவையில் இந்தப் பொருள் இன்று பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், எட்டிமடையில் அமைந்த அமிர்தா பல்கலைக்கழக வளாகத்தில் இணையப் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. இங்குள்ள மாணவர் ஒருவர் செல்பேசி இணைப்பில் ஐ-டூ-பியை நிறுவினால் முதலில் எதிர்கொள்வது ஒரு சிறிய தடையை: இந்தியச் செல்பேசி நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருவதால் வெளியிலிருந்து அவருடைய கருவியை நேராக அழைக்க முடியாது. ‘அறிமுகம் செய்பவர்’ என்ற மூன்றாவது கணினியின் துணையோடுதான் அயலார் அவரை அடைவர். பிறர் சுமையை அவரால் குறைவாகவே சுமக்க முடியும். திருமூர்த்தி அணையின் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுவதால், தம் முறை இல்லாத காலத்தில் வாய்க்காலில் கைவைக்காதவரே முறை வந்தபோது நீரை எதிர்பார்க்கலாம். இந்த வலையில் முறை என்று ஒன்று இல்லை, வலையோடு இணைந்து பழகியதும் அயலாரின் பொட்டலங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றை யார் அனுப்பினார், அவற்றில் என்ன இருக்கிறது என்பதை அந்த மாணவர் ஒருபோதும் அறிய மாட்டார்.